அத்தாவுடன் மேகமலைக்கு

வயது ஏற ஏற மனிதனிடம் மூன்று சேர்ந்துவிடுகின்றன என்பார் எங்கள் அத்தா: மாத்திரை, மறதி, பிறர் சொல்லும் புத்திமதி. முதல் இரண்டைப் பொறுத்துக்கொள்ளலாம், மூன்றாவதைத்தான் தண்ணீர் குடித்தும் விழுங்க முடியவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

எண்பதைக் கடந்த அவர், மேகமலையை இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்று ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த வயதில் எதற்கு அத்தா?" என்று நாங்களும் ஓராண்டாகத் தட்டிக்கழித்தோம். ஒருவழியாகச் சென்ற மாதம் உத்தமபாளையத்திலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டோம்.

சின்னமனூரைத் தாண்டி, தென்பழனிச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. 2021ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. புலி வருமா என்று பேரன் அஞ்சினான். "வந்தால் வரட்டும். அதற்குப் பல் இருக்கிறது, எனக்கு இல்லை. சண்டைக்கு வாய்ப்பே இல்லை" என்றார் அத்தா.

அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சொல்லித்தான் எங்களைச் சிறுவயதில் மதரசாவுக்கு விரட்டினார். அதை நினைவூட்டியபோது, "ஐம்பதில் வளைவது கடினம்தான். எண்பதில் தானாகவே வளைந்துவிடும், நிமிர்வதுதான் பெரும்பாடு. முதுகு சொன்னபடி கேட்கும்போதே ருகூவை அழகாகச் செய்துகொள்ளுங்கள்" என்றார்.

பாதி மலை ஏறுமுன், ஹைவேவிஸ் வந்துவிட்டதா என்று நான்காவது முறையாகக் கேட்டார். "சும்மா வாங்க அத்தா, எத்தனை தடவை சொல்வது!" என்று எங்களில் ஒருவர் குரலை உயர்த்திவிட்டார். யார் என்பது தேவையில்லை. மூவர் மனத்திலும் அந்தச் சொல்தான் இருந்தது. அதன்பின் அத்தா வாய் திறக்கவில்லை. பெற்றோரை நோக்கிச் 'சீ' என்றுகூடச் சொல்லலாகாது என்னும் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தை எங்கள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர்கள் நாங்கள். மீதி வளைவுகளில் எவராலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேலே ஒரு சரிவில் தேயிலைச் செடிகளைக் கவாத்து செய்திருந்தார்கள். இலையின்றிக் குச்சிகளாய் நின்றவற்றைப் பார்த்து, இவை செத்துவிட்டனவா என்று பேரன் கேட்டான். அத்தா அப்போதுதான் பேசினார். "வெட்டாமல் விட்டால் இது மரமாகிவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. அதனால்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுகிறார்கள். செடி கிழம், கொழுந்து புதியது. என்னையும் அல்லாஹ் கவாத்து செய்கிறான். பல்லை எடுத்தான், காதை எடுத்தான், முழங்காலை எடுத்தான். துளிர்க்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும்."

லுஹருக்கு நேரமானது. பயணம்தானே, சுருக்கித் தொழலாமா என்றோம். "மலை உயரம்தான், தூரமில்லை. நான்கு ரக்அத்தையும் தொழுங்கள்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் அமர்ந்து தொழுதார். தொழுதபின் அவர் கால்களைப் பிடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டோம்.

"நீங்கள் சிறுவயதில் என்னிடம் கேட்ட கேள்விகளெல்லாம் என் கணக்கில் நிலுவையாக நிற்கின்றன. இன்று நான்கைத்தான் வசூலித்தேன். மீதியைத் தவணையில் வாங்கிக்கொள்கிறேன்" என்றார்.

நபி (ஸல்) அவர்களும் முதியவர்களிடம் நகைச்சுவையாகப் பேசியவர்கள். கிழவிகள் சுவனம் புகமாட்டார்கள் என்றதும் அழுத மூதாட்டியிடம், இளமை திரும்பியே அங்கே புகுவார்கள் என்று விளக்கியதை ஷமாயில் திர்மிதீயில் காணலாம். முதியவரோடு சேர்ந்து சிரிப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதையே.

இறங்கும்போது, சின்னமனூர் வந்துவிட்டதா என்று அத்தா ஆறு முறை கேட்டார். ஆறு முறையும், எந்தப் பூவின் வளைவில் இருக்கிறோம் என்று சொன்னோம்.

எங்கள் பெற்றோரின் முதுமையில் எங்கள் நாவைக் காப்பாயாக, யா அல்லாஹ். எங்கள் முதுமையில் எங்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பொறுமையைத் தருவாயாக. ஆமீன்.