ஆயில் சீலுக்கு நடு முக்கியம்

நியூ ஜெர்சி ஐசலினில் என் கராஜில் நிற்பது 1972ஆம் வருடத்து எம்ஜிபி கார். பானட்டைத் திறந்தால் நம்மூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அம்பாசடர் இஞ்சின் மாதிரி இருக்கே?" மாதிரி என்ன, ஒரே வம்சம்தான். உத்தர்பாராவில் அம்பாசடருக்குப் போட்ட 1489 சிசி இஞ்சினும், அபிங்டனில் எம்ஜிபிக்குப் போட்ட 1798 சிசி இஞ்சினும் பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்து பி-சீரீஸ்.

ஆயில் ஒழுகுவதும் இந்த வம்சத்துக்குப் பழக்கம். பழைய மூன்று பேரிங் இஞ்சினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கிலேயே திருகுபோல் வெட்டிய பள்ளம், சுற்றும்போது ஆயிலை உள்ளே இழுத்துவிடும். வண்டி நின்றதும் இழுப்பு நின்றுவிடும். மிச்ச ஆயில் கீழே சொட்டும். 1964 கடைசியில் எம்ஜிபிக்கு ஐந்து பேரிங் கிராங்க் வந்தபோதுதான் பின்பக்கம் ரப்பர் சீலும் வந்தது.

சொட்டைப் பார்த்ததும் சீல் வாங்க ஓடக்கூடாது. ஓட்டத்தில் அடிக்கும் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். ராக்கர் கவரிலோ டாப்பெட் கவரிலோ கசிந்தது கியர்பாக்ஸ் வாய்வரை வழிந்து போகும். பழி பின் சீல்மேல் விழும். அதை மாற்ற இஞ்சினையே இறக்க வேண்டும். அதனால் முதலில் இஞ்சினைச் சுத்தமாகக் கழுவி, கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பேன். பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். அடைத்திருந்தால் கிராங்க்கேசில் அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும்.

கிராங்க் புல்லியைச் சுற்றி ஆயில் தெறித்திருந்தால் முன் சீல்தான். ரேடியேட்டரைக் கழற்றி, லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, புல்லியை எடுத்ததும் அதன் கழுத்தைத் துடைத்து நகத்தை ஓட்டிப் பாருங்கள். சீலின் உதடு வருடக்கணக்கில் உரசி அங்கே கோடு போட்டிருக்கும். லேசான கோடு என்றால் மெல்லிய எமரி போதும். நகம் மாட்டினால் மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்ற வேண்டும்; இல்லாவிட்டால் புது ரப்பர் அந்தப் பள்ளத்திலேயே தேயும்.

அடுத்து, சீல் உட்காரும் டைமிங் கவரைக் கழற்றி, உள்ளே கிராங்கில் இருக்கும் ஆயில் த்ரோயரையும் கவனிக்க வேண்டும். 'எஃப்' எழுத்து இருந்தால் அது முன்பக்கம் பார்க்க வேண்டும். ஃபெல்ட் சீல் கவருக்கு ஒரு த்ரோயர், ரப்பர் சீல் கவருக்கு வேறு, ஜோடி மாறக்கூடாது. சீலை அகலமான சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் இஞ்சினைப் பார்க்கட்டும்.

இந்த வேலையின் உயிர் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. டைமிங் கவரின் போல்ட் ஓட்டைகளில் கொஞ்சம் ஆட்டம் உண்டு. கவரைக் கண்மதிப்பில் வைத்து முதலிலேயே இறுக்கினால் சீல் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் இடைவெளி விழும். ஒரே மாதத்தில் மறுபடி ஒழுகும். நான் சீலில் கிரீஸ் தடவி, புல்லியின் கழுத்தில் ஆயில் பூசி, மெல்லத் திருப்பியபடி கவருக்குள் நுழைப்பேன். இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் கிராங்கில் சாவிக்கு நேராக ஏற்றுவேன். போல்ட்டுகளை விரலால் மட்டும் முடுக்குவேன். புல்லி நிற்கும் இடத்துக்கு ஏற்பக் கவர் தானே நடுவில் வந்து உட்காரும். அதன்பிறகு எதிரெதிர் போல்ட்டாகச் சீராக இறுக்குவேன். புல்லி போல்ட்டுக்கு 70 பவுண்டு-அடி முறுக்கு.

சீலின் உதட்டுக்கும் புல்லியின் கழுத்துக்கும் நடுவே எப்போதும் மெல்லிய ஆயில் படலம் இருக்கும். அது இல்லாவிட்டால் ரப்பர் கருகிவிடும். படலம் கலையாமல், ஆயிலும் வெளியேறாமல் இருக்க உதடு சுற்றிலும் ஒரே அளவாக அழுத்த வேண்டும். அதற்கு விலையுயர்ந்த சீலைவிட நடு பிசகாத கவர் முக்கியம். ஊரில் இன்னமும் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: புல்லி நுழைந்து உட்கார்ந்த பிறகே கவர் போல்ட்டில் ஸ்பானரை வையுங்கள்.