பழைய எந்திரத்துக்கு நல்ல மார்க்

வங்கியின் கடன் பிரிவில் இருந்த காலத்தில் என் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் கோவை வட்டாரத்து நூற்பாலைகளின் பேலன்ஸ் ஷீட்டுகள். லாபத்தைப் பார்க்கும் முன் சொத்துச் சுழற்சியைப் பார்ப்பது என் வழக்கம். ஆண்டு விற்பனையைச் சொத்து மதிப்பால் வகுத்தால், ஒரு ரூபாய் சொத்து எத்தனை ரூபாய் விற்பனையைக் கொண்டுவந்தது என்று தெரிந்துவிடும். நூறாண்டுக்கு முன் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன் இதை லாப விகிதத்தோடு பெருக்கி, போட்ட முதலுக்கு என்ன கிடைக்கிறது என்று காட்டினார். கொஞ்சம் லாபம் வைத்து வேகமாக விற்கும் மளிகைக்கடையும், நிறைய லாபம் வைத்து மெதுவாக விற்கும் பட்டுக்கடையும் ஏறத்தாழ ஒரே வருமானத்தை எட்டுவது எப்படி என்பது அந்தப் பெருக்கலில் விளங்கும்.

சிக்கல் வகுக்கும் எண்ணில் இருக்கிறது. வருமான வரிக் கணக்கில் எந்திரத்துக்குத் தேய்மானம் பொதுவாக 15 சதவீதம். ஆண்டுதோறும் மிச்ச மதிப்பின் மீது கழிப்பார்கள். சிறிய நிறுவனங்கள் பலவும் இதையே தங்கள் ஏட்டிலும் எழுதுகின்றன. 1 கோடி ரூபாய் எந்திரம் பத்தாண்டில் சுமார் 20 லட்சமாகச் சுருங்கிவிடும். இரண்டு மில்கள் ஆளுக்கு 2 கோடிக்கு நூல் விற்பதாக வைத்துக்கொள்வோம். எந்திர மதிப்பை மட்டும் வைத்து வகுத்தால் புது மில்லுக்கு 2, பழைய மில்லுக்கு 10! அடிக்கடி இழை அறுவதும், கரண்ட் கூடுதலாகக் குடிப்பதும் இந்த எண்ணில் தெரியாது. தாத்தா காலத்தில் வாங்கிய நிலம் அன்றைய கிரய விலையிலேயே ஏட்டில் நிற்பதும் சேர்ந்துகொண்டால் பழைய மில் இன்னும் ஜொலிக்கும். "புதுசு வாங்கினா உங்க ரேஷியோ கெட்டுப் போயிருமுங்க சார்" என்று ஒரு மில் மேனேஜர் சிரித்தபடி சொன்னார். அவர் சொன்னதில் பாதி வேடிக்கை, பாதி நிஜம்.

சரக்குச் சுழற்சி வேறு விதமாக ஏமாற்றும். பஞ்சு வரத்து அக்டோபரில் தொடங்கிக் குளிர்காலத்தில் குவியும். கையில் பணமுள்ள மில்காரர் சீசனிலேயே வாங்கிக் குடோனை நிரப்பிவிடுவார். கணக்கு முடிவது மார்ச் 31. விற்பனையை அன்றைய இருப்பால் வகுத்தால் அவர் சரக்கை முடக்கியவராகத் தெரிவார். அன்றன்றைக்கு வாங்கி ஓட்டுபவர் சுறுசுறுப்பானவராகத் தெரிவார். ஆண்டின் தொடக்க இருப்பையும் முடிவு இருப்பையும் கூட்டிச் சராசரி எடு என்கிறது பாடப்புத்தகம். இரண்டுமே மார்ச் மாத இருப்புதானே! சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்குக்காக வங்கிக்கு மாதாமாதம் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் பன்னிரண்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் குடோன் நிரம்புவதும் காலியாவதும் தெரியும்.

திருப்பூருக்குப் போனால் இன்னொரு கூத்து. ஜாப் ஒர்க்குக்குத் துணி பின்னித் தருபவரிடம் மெஷின் இரவு பகலாக ஓடும். நூல் அடுத்தவருடையது என்பதால் விற்பனைக் கணக்கில் கூலி மட்டுமே ஏறும். எல்லா வேலையையும் வெளியே கொடுத்து வாங்கும் ஏற்றுமதியாளருக்குச் சொந்தமாக ஒரு மெஷின்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் துணியின் முழு மதிப்பும் அவர் விற்பனையில் சேரும். இந்த இருவரையும் ஒரே அளவுகோலில் வைத்துக் குறிப்பு எழுதியவர்கள் உண்டு. நானாக இருந்தால் பின்னுபவரிடம் முதலில் கேட்பது கரண்ட் பில்லும், மாதம் எத்தனை கிலோ பின்னினார் என்ற ரிஜிஸ்டரும்.