கொம்பும் காலும்

ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில், வாசிக்கத் தடுமாறும் சிறுவர்க்குச் சனிக்கிழமைதோறும் மாலையில் நாம் நண்பர் சிலருடன் எழுத்தறிவித்து வருகிறோம். கூலி இல்லை; கேட்பதுமில்லை. 1979இல் தோன்றிய கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியம் தொண்டர்களைக் கொண்டு இந்நாட்டில் இத்தகைய வகுப்புகளை நடத்தியிருக்கிறது. அவ்வழியைக் கண்டே நாமும் இறங்கினோம்.

முதல் மாதத்திலேயே ஒரு பெரும்பிழை செய்தோம். அதனை ஒளியாமல் சொல்லிவிடுகிறோம்.

இரண்டாம் ஆண்டில் பயிலும் சிறுவனொருவன் பாடத்தை மடமடவென ஒப்பித்தான். மகிழ்ந்தோம். அவன் கண்கள் புத்தகத்தை விட்டுப் பலகணியில் இருந்ததைப் பிறகே கண்டோம். புத்தகத்தை மூடிவிட்டுப் பலகையில் ‘பொம்மை’ என்று எழுதினோம். ‘பெ’ என்றான்; ‘பா’ என்றான்; நின்றுவிட்டான். “எட்டு வயதாயிற்றே, வெட்கமில்லையா?” என்று எல்லார் முன்னும் கேட்டோம். பிள்ளைகள் சிரித்தனர். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளிலும் அவன் வரவில்லை.

வீட்டுக்குச் சென்றோம். தாயார் ஆலை வேலை முடிந்து அப்பொழுதுதான் திரும்பியிருந்தார். “அவன் தலையெழுத்து அப்படிங்க ஐயா, படிப்பு ஏறலை” என்றார். தலையெழுத்தென்பதை நம்பாதவர் நாம். எனினும் அச்சொல் நம்மைச் சுட்டது. அவ்வெழுத்தில் ஒரு வரியை நாமே எழுதியிருந்தோம்.

அன்றிரவு ‘பொம்மை’யைப் புதியவன் கண்கொண்டு பார்த்தோம். கொம்பு முன்னே நிற்கிறது. அதன் ஒலியோ பகரத்தின் பின்னே வருகிறது. அப்பால் நிற்கும் காலும் கூடினால்தான் அது ஒகரம். ‘மை’யிலும் அடையாளம் முன், ஓசை பின். அதே சிறுவன் அதே பள்ளியில் மலாய்மொழியை உரோமன் எழுத்தில் பயில்கிறான். அங்கே மெய்யும் உயிரும் ஒலிக்கும் வரிசையிலேயே நிற்கின்றன. அவ்வழக்கப்படியே அவன் இங்கும் கண்டதைக் கண்ட வரிசையில் ஒலித்தான். அதற்கு நாம் மந்தம் என்று பெயரிட்டோம்!

நிற்க. எழுத்தைத் தொடலாகாது என்பாருக்கு ஒன்று. ‘ணை, லை, ளை, னை’ என்பவை ஒருகாலத்தில் யானைத் துதிக்கைபோல் வளைந்த தனிவடிவில் எழுதப்பட்டன. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் அவற்றை ஏனைய ஐகார எழுத்துகளோடு ஒப்ப அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாட்டரசு 1978இல் அம்முறையை ஏற்றது. தமிழ் அழிந்துவிடவில்லை, பிள்ளைகளின் சுமைதான் குறைந்தது. கொம்பு இன்னும் முன்னேதான் நிற்கிறது. அது மாறும்வரை எட்டு வயதுப் பிள்ளை காத்திருக்க இயலுமோ?

அட்டைத் துண்டுகள் வெட்டினோம். மெய்க்குக் கருமை, கொம்புக்கும் காலுக்கும் சிவப்பு. சிறுவனிடம், சிரித்த பிள்ளைகள் முன்னிலையிலேயே, மன்னிப்புக் கேட்டோம். ‘ப’வை முதலில் அவன் கையிற் கொடுத்தோம், பின்னர்க் கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் அவனே வைத்தான். கொம்பைக் கண்டால் வாய் திறவாமல் அடுத்த எழுத்தைப் பார்க்கவும், அதன்பின் கால் உண்டா என்று தேடவும் பழக்கினோம். ஒருவரி வாசிக்க நான்கு வாரமாயிற்று.

சென்ற சனிக்கிழமை தன் தங்கையை அழைத்து வந்தான். அவள் ‘கொடி’யின் முன் தடுமாறினாள். நாம் வாய் திறக்குமுன், “பொறு, கால் இருக்கா பாரு” என்றான்.