ஆரியபட்டாவைச் சுமந்து போனது எது?

அப்பாவின் பழைய பூக்கடைக் கணக்கு நோட்டைப் புரட்டியபோது உள்ளே இருந்து இரண்டு ரூபாய்த் தாள் ஒன்று விழுந்தது. முன்பக்கம் சிங்க முத்திரை. பின்பக்கம் பட்டை தீட்டிய கல்லைப் போல ஓர் உருவம், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா கம்பிகள். இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா. நிலக்கோட்டை மார்க்கெட்டில் மல்லிகைக்கு விலையாகக் கைமாறிய தாளில் இருக்கும் இது எப்படி வானத்துக்குப் போனது என்று தேட ஆரம்பித்தேன்.

கோள் பிறந்த கதை சீக்கிரமே கிடைத்தது. பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டுகளில், யு.ஆர்.ராவ் தலைமையில் உருவானது. 26 முகங்கள், சுமார் 360 கிலோ எடை. 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் நாட்டின் காபுஸ்தின் யார் தளத்திலிருந்து கிளம்பியது. சில நாட்களிலேயே மின்சாரக் கோளாறால் ஆய்வுக் கருவிகள் நின்றுபோயின. ஆனால் செயற்கைக்கோள் செய்யும் வித்தை நம் கைக்கு வந்துவிட்டது.

அதைச் சுமந்த ராக்கெட் காஸ்மோஸ்-3எம். அதன் வேரைத் தேடினால் ஆர்-14 என்ற அணு ஏவுகணையில் போய் நின்றது. 1962இல் கியூபாவில் நிறுத்தச் சோவியத் அரசு திட்டமிட்ட ஏவுகணைகளில் அதுவும் ஒன்று. காபுஸ்தின் யார் தளமோ, ஜெர்மனியிடம் கைப்பற்றிய வி-2 ராக்கெட்டுகளை 1947இல் ஏவிச் சோதித்த ராணுவத் திடல்.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். 1957 அக்டோபர் 4இல் ஸ்புட்னிக்கை ஏற்றிச் சென்ற ஆர்-7, கண்டம் விட்டுக் கண்டம் பாயச் செய்த ஏவுகணை. அமெரிக்கா ஆராய்ச்சி ராக்கெட்டுகளின் வழியில் வளர்த்த வான்கார்டு, அதே ஆண்டு டிசம்பர் 6இல் ஏவுதளத்திலேயே வெடித்தது. முந்திக்கொண்டது ராணுவத்தின் ரெட்ஸ்டோன் ஏவுகணையிலிருந்து வந்த ராக்கெட். அது 1958 ஜனவரி இறுதியில் ஏற்றிய எக்ஸ்ப்ளோரர்-1, பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையத்தை உலகுக்குக் காட்டியது.

அறிவியலின் பெயரில் உளவும் பறந்தது. டிஸ்கவரர் என்று வெளியே சொல்லப்பட்ட அமெரிக்காவின் கொரோனா கோள்கள் மேலிருந்து படம் எடுத்து, ஃபிலிம் சுருளை ஒரு கலத்தில் வைத்துக் கீழே அனுப்பின. பாராசூட்டில் இறங்கிவந்த கலத்தை விமானம் ஒன்று கொக்கி போட்டு நடுவானில் பிடித்தது. முதல் வெற்றி 1960 ஆகஸ்டில். ரகசியம் உடைந்தது 1995இல்.

நம் நாட்டுக்கு வந்ததும் வரிசை தலைகீழானது. 1980 ஜூலை 18இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ராக்கெட், 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. திட்ட இயக்குநர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் முதல் முயற்சி வங்கக் கடலில் விழுந்திருந்தது. அந்த ராக்கெட்டின் முதல் அடுக்கு மோட்டார்தான் 1989 மே 22இல் அக்னி ஏவுகணையின் முதல் அடுக்காகப் பறந்தது. சோவியத்தும் அமெரிக்காவும் ஏவுகணையிலிருந்து கோளுக்கு வந்தன. நாம் கோளிலிருந்து ஏவுகணைக்குப் போனோம்.

தேடல் கடைசியில் பக்கத்து ஊருக்கே கொண்டுவந்து விட்டது. 1755இல் திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தாராக, அதாவது ராணுவ ஆளுநராக, வந்த மைசூரின் ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு இங்கே ஆயுதப் பட்டறை அமைத்தார். பின்னாளில் அவரும் மகன் திப்புவும் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளைக் கொண்டு ஆங்கிலேயரைக் கலங்கடித்தார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவை இங்கிலாந்து போய், அங்கே காங்கிரீவ் என்பவர் உருவாக்கிய ராக்கெட்டுக்கு வழிகாட்டின.

போருக்குப் பிறந்தது என்பதற்காக ராக்கெட்டை என்னால் வெறுக்க முடியவில்லை. புயல் வருமுன் எச்சரிக்கும் கோளும் அதில்தான் ஏறிப் போகிறது. ஆனால் ரோகிணியையும் அக்னியையும் தூக்கியது ஒரே மோட்டார் என்பதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே, ஒரே பாடத்தில் சொல்லிவிட வேண்டும். அடுத்த ராக்கெட்டின் தலையில் எதை வைப்பது என்று தீர்மானிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.