பூவராகன் சந்நிதியில் பூமியின் கணக்கு

விருத்தாசலத்திலிருந்து தென்கிழக்கே சுமார் இருபது கிலோமீட்டர் பயணம் செய்தால் ஸ்ரீமுஷ்ணம் வந்துவிடும். திருமுட்டம் என்றும் இவ்வூரை அழைப்பர். எம்பெருமான் தானே தோன்றி எழுந்தருளிய ஸ்வயம்வியக்த க்ஷேத்திரங்கள் எட்டினுள் இதுவும் ஒன்று. திருவரங்கம், திருவேங்கடம், வானமாமலை, சாளக்கிராமம், புஷ்கரம், நைமிசாரண்யம், பத்ரி ஆகியவை மற்ற ஏழு.

மூலவர் பூவராகப் பெருமாள். தாயார் அம்புஜவல்லி. சாளக்கிராமத் திருமேனியராகத் திருக்கரங்களை இடையில் ஊன்றி, மேற்கு நோக்கி நின்று, திருமுகத்தை மட்டும் தெற்கே திருப்பிச் சேவை சாதிக்கிறார். இரணியாட்சனை வென்று பூமிப் பிராட்டியை மீட்டு வந்த பெருமானின் வியர்வையே நித்யபுஷ்கரணித் தீர்த்தமாயிற்று என்பது தலபுராணம். நாயக்கர் காலச் சிற்பத் தூண்கள் நிறைந்த புருஷசூக்த மண்டபத்தைப் பொறுமையாகக் காண ஒரு காலைப்பொழுது வேண்டும். வராகமூர்த்திக்கு உகந்த கோரைக்கிழங்குப் பிரசாதம் இத்தலத்தின் தனிச்சிறப்பு.

பெருமான் இடர்நீக்கி நிலைபெறச் செய்த இந்தப் பூமியின் அளவு என்ன, வடிவம் என்ன என்னும் கேள்வி, மனித அறிவைப் பல நூற்றாண்டுகள் வருத்திய கடினமான கணக்குகளில் ஒன்று. அதன் விடையில் ஒரு முக்கியமான பகுதி, ஸ்ரீமுஷ்ணம் அமைந்துள்ள இதே கடலூர் மாவட்டத்தில் கிடைத்தது என்பது பலரும் அறியாத செய்தி.

பூமி உருண்டை என்பதை நம் பண்டைய வானியல் அறிஞர்கள் அறிந்திருந்தனர். கி.பி. 499ஆம் ஆண்டை ஒட்டி ஆர்யபடர் பூமியை உருண்டை என்றே கொண்டு, அதன் விட்டம் 1,050 யோசனை எனக் கணக்கிட்டார். யாத்திரிகர்களுக்கும் இதை உணர ஒரு வழி இருந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்குமேல் சுமார் 11 பாகை உயரத்தில் தெரியும். பத்ரியில் அதுவே ஏறத்தாழ 31 பாகை உயரத்தில் நிற்கும். வடக்கே செல்லச் செல்லத் துருவன் உயர்வது பூமியின் வளைவினால்தான். வியப்பு என்னவெனில், ஸ்ரீமுஷ்ணமும் பத்ரியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், 79½ பாகைக்கு அருகில் அமைந்துள்ளன. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து நேர்வடக்கே கோடு இழுத்தால், 2,100 கிலோமீட்டருக்கு அப்பால் அது பத்ரிநாதனின் சந்நிதியை அணுகிவிடும்.

துருவன் ஒரு பாகை உயர எவ்வளவு தூரம் செல்ல வேண்டும்? இந்த ஒரு விடை கிடைத்தால் பூமியின் சுற்றளவு கிடைத்துவிடும். ஆனால் அதற்குள் இன்னொரு சிக்கல் இருந்தது. பூமி முழு உருண்டை அன்று, சுழற்சியினால் நடுவில் சற்றே புடைத்துத் துருவங்களில் தட்டையாக இருக்கும் என்றார் நியூட்டன். பாரிஸ் வானியலாளர் சிலர் அதற்கு நேர்மாறாகக் கருதினர். நியூட்டன் கூறியது சரியானால், பூமத்தியரேகையை அடுத்த நாடுகளில் ஒரு பாகையின் நீளம் குறைவாகவும், துருவத்தை அடுத்த நாடுகளில் அதிகமாகவும் இருக்க வேண்டும். இதைச் சோதிக்கப் பிரெஞ்சு அறிஞர் குழுக்கள் 1735, 1736ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்காவுக்கும் லாப்லாந்துக்கும் சென்றன. நியூட்டன் பக்கமே தீர்ப்பு வந்தது. எனினும் புடைப்பு எவ்வளவு என்பதைத் துல்லியமாக அறிய இன்னும் பல இடங்களில் அளக்க வேண்டியிருந்தது.

அந்தப் பணியைத் தமிழ் மண்ணில் தொடங்கியவர் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. ஆண்டவர்களுக்கு வேண்டியது நிலவரிக்கும் படை நடத்துவதற்கும் உதவும் வரைபடம். லாம்டனின் உள்ளம் நாடியதோ பூமியின் வடிவம். 1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி நீள எஃகுச் சங்கிலியை நானூறு முறை இட்டு, ஏழரை மைல் தூரத்தை மே மாதம் 22ஆம் நாள் வரை அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, நீண்ட அளவுக்கேற்பத் திருத்திக் கணக்கிட்டார்.

முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிலேயே பெறலாம். அவ்வாறு பெற்ற பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் மற்றொன்று என்று தொடர்ந்து, நிலம் முழுவதையும் சங்கிலி இடாமலே அளந்துவிடலாம். கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் எடையுள்ளது. லண்டனிலிருந்து கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீஷியஸுக்குக் கொண்டுசென்று, பிறகு அறிவியல் பணிக்கானது என்று அறிந்து அவர்களே அனுப்பி வைத்த கருவி அது.

லாம்டனின் முதல் பாகைக் கணக்கின் தென்முனையாக அமைந்த ஊர், கடலூரை அடுத்த திருவந்திபுரம். தேவநாதப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருவஹீந்திரபுரம் அது. ஔஷதகிரியில் கல்விக்கு அதிபதியான ஹயக்ரீவர் அருள்புரியும் தலம். வேதாந்த தேசிகர் கருடனையும் ஹயக்ரீவரையும் உபாசித்த மண். அங்கிருந்து சென்னைக்கும் வடக்கே உள்ள ஒரு நிலையம் வரை ஏறத்தாழ 175 கிலோமீட்டர். இரு முனைகளிலும் விண்மீன்களை நோக்கிக் கணித்ததில் இடைப்பட்ட வளைவு 1 பாகை 35 கலைக்குச் சற்றே குறைவு எனத் தெரிந்தது. நீளத்தைப் பாகையால் வகுக்க, இந்த மண்ணில் ஒரு பாகை 60,494 பாதம், அதாவது சுமார் 110.63 கிலோமீட்டர் என்று வந்தது. (ஒரு பாதம் என்பது ஆறடி கொண்ட கடலளவை.) லாப்லாந்தில் அளந்த பாகை இதைவிட ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இன்று செயற்கைக்கோள் துணையுடன் பெறும் அளவுக்கும் லாம்டனின் அளவுக்கும் வேறுபாடு சில மீட்டர்களே.

அடுத்து 1804இல் பெங்களூரில் புதிய அடிக்கோடு ஒன்றை அளந்தார். பரங்கிமலையிலிருந்து முக்கோணங்கள் வழியே வந்த கணக்கையும் நேரில் அளந்த நீளத்தையும் ஒப்பிட்டபோது, ஏழு மைலில் வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவாக இருந்தது.

பெரும் சோதனை 1808இல் வந்தது. காவிரிப் படுகை சமதரை. குன்றுகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். எனவே உயர்ந்த கோயில் கட்டுமானங்களே நோக்கு நிலையங்களாயின. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் குறிக்கும் அதன் வட்டமே வளைந்துபோயிற்று. புதியது லண்டனிலிருந்து வர ஆண்டுகள் ஆகும். மனந்தளர இடம் கொடாமல், லாம்டன் ஆறு வாரம் உழைத்து அந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக நிமிர்த்திப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். பணி தொடர்ந்தது. அரை டன் சுமையைத் தோளில் தாங்கி ஊர் ஊராக நடந்தவர்களும், தொலைவில் கொடி பிடித்து வெயிலில் நின்றவர்களும் இல்லாமல் அந்தக் கணக்கு நிறைவேறியிராது. அவர்களுடைய பெயர்கள் எந்தப் பட்டியலிலும் முன்வரிசையில் இல்லை.

1823இல் லாம்டன் பணியிலேயே மறைந்தார். அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் இப்பணியை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுசென்றார். தெற்கே குமரிமுனைப் பகுதியிலிருந்து 21 பாகைக்கும் அதிகமான வளைவு அளக்கப்பட்டது. பூமியின் நடுவிட்டம் துருவ விட்டத்தைவிடச் சுமார் 43 கிலோமீட்டர் அதிகம் என்று இன்று உறுதியாகக் கூற முடிகிறதென்றால், அதற்கு இட்ட அடித்தளங்களுள் திருவந்திபுரத்தில் இட்டதும் ஒன்று.

ஸ்ரீமுஷ்ணத்துக்குச் செல்ல விரும்புவோர்க்கு விருத்தாசலத்திலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் பேருந்து வசதி உண்டு. நண்பகலில் நடை சாத்தப்படுமாதலால் முதியோர் காலையிலேயே சென்றுவிடுவது நலம். மாசிமகத்தை ஒட்டி உற்சவர் யக்ஞவராகர் கடலோரக் கிள்ளைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பார். வழியில் இஸ்லாமிய அன்பர்கள் பெருமானை மரியாதையுடன் எதிர்கொள்வது நெடுநாள் வழக்கம். பூமி அனைவர்க்கும் பொது என்பதை அந்த நாளில் கண்ணாரக் காணலாம்.

பேரக்குழந்தைகளுடன் சென்று மாலைச் சேவை முடித்தவர்கள், வடக்கே மரங்கள் மறைக்காத வெளியில் சற்று நிற்கட்டும். கையை நீட்டி முட்டி மடக்கினால், அடிவானத்துக்குமேல் ஒரு முட்டி அளவு உயரத்தில் துருவன் தெரிவான். பத்ரியில் அவன் மூன்று முட்டி உயரத்தில் இருப்பான் என்று சொன்னால், ஏன் என்று குழந்தை கேட்கும். ஹயக்ரீவர் அருளால் அந்தக் கேள்வி எழுந்தாலே போதும்.