இரண்டு கடல், ஒரு விடுமுறை

தாய்லாந்தில் நகரம், கோயில், தீவு மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவர்கள் விமானக் கட்டணத்தை விசாரிக்கும் முன் மழையை விசாரிப்பது நல்லது.

பாங்காக் அரண்மனை வளாகத்தில் இருக்கும் மரகத புத்தருக்கு உயரம் இரண்டடிக்குச் சற்றே அதிகம். அவருக்கு மூன்று தங்க உடைகள் உண்டு. கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. பருவம் மாறும்போது மன்னரே வந்து உடை மாற்றி வைப்பது சம்பிரதாயம். பருவம் பார்த்து நடக்க வேண்டிய நாடு இது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனால் இந்தியாவிலிருந்து கிளம்பும் குடும்பங்கள் பள்ளி விடுமுறையைப் பார்க்கின்றன, சலுகைக் கட்டணத்தைப் பார்க்கின்றன, மழையை மட்டும் பார்ப்பதில்லை. ஜூலையில் புக்கெட் கடற்கரை ஓட்டல்கள் ஏன் அவ்வளவு மலிவு என்பது அங்கே போய் ஜன்னலைத் திறந்த பிறகுதான் புரிகிறது.

தாய்லாந்தின் தென்பகுதி ஒரு நீண்ட வால். அதன் மேற்கே அந்தமான் கடல். புக்கெட், கிராபி, பீபீ, லாந்தா எல்லாம் இந்தப் பக்கம். கிழக்கே தாய்லாந்து வளைகுடா. சாமுய், பங்கான், தாவ் தீவுகள் அந்தப் பக்கம். நடுவே மலைத்தொடர்கள். இதை விளங்கிக்கொள்ளத் தமிழர்களுக்கு அதிக சிரமம் தேவையில்லை. ஜூன் மாதம் கேரளம் நனையும்போது தமிழ்நாடு காய்கிறது. நவம்பரில் கதை தலைகீழ். அங்கும் அதே பருவக்காற்றுகள்தான். தென்மேற்குக் காற்று மே முதல் அக்டோபர் வரை புக்கெட் பக்கத்தை அடித்து நொறுக்கும். வடகிழக்குக் காற்று வளைகுடாவின் ஈரத்தை அள்ளி வந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாமுய் மீது கொட்டும். நவம்பர்தான் அங்கே மிக மோசம். புக்கெட்டைக் கோழிக்கோடு என்றும் சாமுயை நாகப்பட்டினம் என்றும் வைத்துக்கொண்டால் பாதித் திட்டம் முடிந்தது.

மீதிப் பாதி விடுமுறை எப்போது என்பது. மே, ஜூனில் பள்ளி மூடும் சென்னை, மும்பை, டெல்லிக் குடும்பங்களுக்கு சாமுய் பக்கம்தான் சரி. வெயில் கடுமை, எப்போதாவது ஒரு மழை, ஆனால் கடல் பெரும்பாலும் அமைதி. கிறிஸ்துமஸ் விடுமுறை என்றால் யோசிக்காமல் புக்கெட் அல்லது கிராபி. விலை மட்டும் உச்சத்தில் இருக்கும். தீபாவளிதான் சிக்கல். அக்டோபரில் வந்தால் மேற்கே மழை விட்டிருக்காது, கிழக்கே தொடங்கியிருக்கும். நவம்பர் நடுவில் வந்தால் மேற்குக் கரையை நம்பலாம். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், தாய்லாந்தின் புத்தாண்டு. தமிழ்ப் புத்தாண்டும் அதே நாட்களில்தான். தெருவில் போகிற எல்லோர் மீதும் தண்ணீர் ஊற்றுவார்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் இடம் கிடைக்காது.

மழை என்பது நனைவதோடு நிற்கும் விஷயமல்ல. 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே புயல்காற்றில் சிக்கி ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. சீனாவிலிருந்து வந்த 47 பேர் இறந்தார்கள். பருவமழைக் காலத்தில் புக்கெட்டின் மேற்குக் கடற்கரைகளில் சிவப்புக் கொடி பறப்பது வாடிக்கை. மணலில் நின்று பார்த்தால் அலை பெரிதாகத் தெரியாது. அடியில் இழுக்கும் நீரோட்டம் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும். கொடியை அலட்சியம் செய்து ஆண்டுதோறும் வெளிநாட்டவர் உயிரிழக்கிறார்கள். சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடப்படுகின்றன. லியனார்டோ டிகாப்ரியோவின் படத்தால் புகழ்பெற்ற மாயா வளைகுடாவைச் சுற்றுலாக் கூட்டத்தின் கால்கள் நாசம் செய்ததால் 2018ல் மூடிவிட்டார்கள். 2022ல் திறந்தபோது நீந்தத் தடை வந்தது. அதன்பிறகு ஆகஸ்டு, செப்டம்பரில் அங்கே ஓய்வு.

நகரத்துக்குப் பருவம் அவ்வளவு முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். அரண்மனை காலை எட்டரைக்குத் திறக்கிறது, மாலை மூன்றரைக்கு டிக்கெட் நிறுத்தப்படுகிறது. பத்து மணிக்கு மேல் போனால் தலைகளைத்தான் பார்க்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். வாசலுக்கு வெளியே "இன்று அரண்மனை மூடல், வேறு கோயில் காட்டுகிறேன்" என்று சிரித்த முகத்தோடு யாராவது சொன்னால் நம்பக்கூடாது. அவர் ஏற்றிவிடும் ஆட்டோ கடைசியில் ரத்தினக் கல் கடையில்தான் நிற்கும். பல ஆண்டுகளாக இதே வசனம், இன்றும் ஆள் விழுகிறது.

உள்ளே பிராகாரச் சுவரில் 178 ஓவியங்களில் ராமாயணம். அங்கே அதன் பெயர் ராமகியன். இலங்கை வேந்தன் பெயர் தோசகன், அதாவது தசகண்டன். கம்பனைப் படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும் செய்தி, தாய்லாந்து அனுமன் பிரம்மச்சாரி அல்ல. கடல்கன்னி உட்படக் காதலிகள் உண்டு. ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சுவர் சுவராகப் பார்க்கத் தகுந்த இடம் இது. பொதுவாகக் குழுச் சுற்றுலாக்காரர்கள் பத்து நிமிடம்தான் தருகிறார்கள். பக்கத்தில் வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குச் சயனித்திருக்கும் புத்தர், பாதங்களில் முத்துச்சிப்பியில் இழைத்த 108 மங்கலச் சின்னங்கள். எதிர்க்கரையில் வாட் அருண். அதற்குப் படகு ஏறினால் ஒரு சில பாட் கட்டணத்தில் ஆற்றையும் பார்த்தாகிவிடும்.

அதிகம் பேர் தவறவிடும் இடம் தேவஸ்தான். 1784ல் முதலாம் ராமா கட்டிய பிராமணர் கோயில். எதிரே நிற்கும் மாபெரும் ஊஞ்சல் சட்டத்தில் 1930களின் நடுப்பகுதி வரை ஆட்கள் வானளாவ ஆடினார்கள். விபத்துகளுக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. அந்த விழாவின் பெயர் த்ரியம்பவாய். திருவெம்பாவைதான் அது. மார்கழி, தை ஒட்டிய நாட்களில் அரசவைப் பிராமணர்கள் இன்றும் தமிழ்ப் பதிகங்களை ஓதுகிறார்கள். உச்சரிப்பு உருமாறிவிட்டது, ஓதுபவர்களுக்குப் பொருள் தெரியாது. மாணிக்கவாசகர் எப்படி அங்கே போனார் என்பதைப் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் அயுத்தயா. அயோத்தியின் பெயர் தாங்கிய பழைய தலைநகரம். பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 80 கி.மீ., ரயிலில் ஒன்றரை மணி நேரம். 1767ல் பர்மியப் படை எரித்தது. தலையிழந்த புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாட் மகாதாத்தில் ஒரு தலை மட்டும் மரவேர்களுக்கு நடுவே சிக்கி நிற்கிறது. அதன் அருகே படம் எடுப்பவர்கள் குனிந்து உட்கார வேண்டும். புத்தர் தலைக்கு மேல் தன் தலை இருக்கக்கூடாது.

தீவுக்குப் போவதில் ஒரு பொறி உண்டு. பாங்காக்கில் விமான நிலையங்கள் இரண்டு. 2006ல் திறந்த சுவர்ணபூமி ஒன்று, பழைய டான் முவாங் மற்றொன்று. நடுவே நகரமும் அதன் போக்குவரத்து நெரிசலும். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற இரண்டு மணி நேர இடைவெளியில் டிக்கெட் வாங்கியவர்கள் விமானத்தைத் தவறவிட்டுப் புது டிக்கெட் வாங்க நேர்கிறது. புக்கெட்டுக்கு ஒன்றரை மணி நேர விமானம் சுலபம். சாமுய் விமானம் விலை அதிகம். இரவு ரயிலில் சூரத்தானி போய் அங்கிருந்து பஸ், படகு என்று செல்வது அலுப்பு, ஆனால் குழந்தைகளுக்கு அதுதான் நினைவில் நிற்கும்.

சைவக்காரர்கள் கற்க வேண்டிய ஒரே சொல் 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாகக் கடைகளில் தொங்கும். வெறுமனே காய்கறி என்று கேட்டால் மீன் சாறு ஊற்றித்தான் வரும். ஜே உணவில் பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. 2025 மே முதல் வருகைப் பதிவை இணையத்தில் முன்கூட்டியே செய்ய வேண்டும். இந்தியர்களுக்கான விசா விதி அடிக்கடி மாறுவதால் புறப்படும் வாரத்தில் மறுபடி பார்த்துக்கொள்வது உத்தமம்.

தீவிலிருந்து நேராக ஊர் திரும்பும் விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடக்கூடாது. காற்று பலமாக வீசினால் படகு நிற்கும். கடைசி இரவைப் பாங்காக்கில் வைத்துக்கொண்டால் படகு ஒரு நாள் தாமதித்தாலும் பாதகமில்லை. தாமதிக்காவிட்டால், சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு அந்த மாலை போய் வரலாம். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். வாசலில் செவ்வந்தி மாலை கிடைக்கும்.