இரண்டு உப்பாறு

லுணுகங்க என்ற சிங்களப் பெயரைத் தமிழில் சொன்னால் உப்பாறு. எங்கட பனிச்சங்கேணிக் களப்புக்கும் உப்பாறு என்றுதானே பெயர். கதிரவெளியில் இருந்து நாட்டின் மற்றக் கரைக்குப் போய், அதே பெயரில ஒரு தோட்டம் பார்த்திட்டு வந்தேன்.

பெந்தோட்டைக்குக் கிட்ட, தெத்துவ வாவிக்கரையில் இருக்குது. முந்திக் கறுவாத் தோட்டம், மறுகா றப்பர். கோட்டேயில் நாடாளுமன்றத்தையும் கண்டலம ஹோட்டலையும் வடிவமைத்த ஜெஃப்ரி பாவா இதை 1948இல் வாங்கினார். 1998இல் நோயில் விழும்வரை மாற்றிக்கொண்டே இருந்தார்; 2003இல் செத்தார்.

வீட்டுத் திண்ணையில் நின்று பார்த்தால் புல்வெளி மெல்ல மேட்டுக்கு ஏறும். மேட்டில் ஒரு மரம், அதுக்குக் கீழ பெரிய சாடி. அங்கால வாவி, அதுக்கும் அங்கால ஒரு விகாரையின் வெள்ளைத் தூபி. எல்லாம் ஒரே நேரில. தற்செயலாக அமைந்ததாக்கும் என்று நினைச்சால், இல்லை. வாவி தெரியவேணும் என்று மேட்டையே வெட்டி இறக்கியிருக்கார். இடையில் போகிற ஊர்ப்பாதை கண்ணில் படாமல் பள்ளத்தில மறைஞ்சு கிடக்கு. ஈழத்தலரிக் கொப்புகளில் பாரம் தொங்கவிட்டு, தான் நினைச்ச பக்கம் வளைச்சிருக்கார். மரத்துக்கே இந்தப் பாடு!

அழகுதான், மறுக்கேல்ல. ஆனால் அந்த மண்ணைச் சுமந்த ஆட்களின் பெயரை எங்கயும் காணேல்ல. மறைச்ச பாதையும் மனசில உறுத்திக்கொண்டே இருந்தது.

அதைவிட, எனக்கு வந்தது பொறாமை. 55 வருசம் ஒரே நிலத்தோட இருக்கக் கிடைச்சிருக்கே! எங்கட ஊருக்கு 2004இல் கடல் வந்தது. 2006 நவம்பர் 8இல் விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமிருந்த சனங்களுக்கு மேல ஷெல் விழுந்து 40 பேருக்கு மேல செத்தார்கள். ஊரே கிளம்பி ஓடிற்று. 2007இல் திரும்பி வந்தால் பெத்தாட வளவில வேலியும் இல்லை, வீடும் இல்லை, ஒரே பற்றை. கிணறு எங்க என்றே தெரியேல்ல. தப்பி நின்ற புளியமரத்தில முதுகை வைச்சு, கடல் பக்கம் பார்த்துப் பத்து எட்டு நடந்தா பெத்தா. “இதில தோண்டு மனே” என்றா. கிணறு அதிலதான் கிடந்தது.

பாவாவின் சாம்பலும் அந்தக் கறுவா மேட்டில்தானாம்.

போனில எடுத்த படங்களைப் பெத்தாவுக்குக் காட்டினேன். சாடியையோ தூபியையோ அவ கண்டுகொள்ளேல்ல. புல்வெளியைப் பெரிசாக்கிப் பார்த்திட்டுக் கேட்டா: “இவ்வளவு சருகையும் ஆரு மனே கூட்டுறது?”